பாண்டியண்ணனுக்காக நான் பேசிய மாதங்கள்

இந்தப் பக்கத்தில் தெரிந்தவர் எதிரே வந்தால் முதலில் கேட்பது "சாப்டியா?" அல்ல, "எந்த ஷிஃப்ட்டு?" என்பதுதான். ஒரகடம் தொழிற்பேட்டைக்கு வந்து ஒன்பது வருடம் ஆகியும் எனக்கு அது முழுதாகப் பழகவில்லை. டீக்கடையில், ஷேர் ஆட்டோவில், வடக்குப்பட்டில் நாங்கள் குடியிருக்கும் வீட்டு மாடிப்படியில், எங்கே பார்த்தாலும் இதே கேள்வி. நாம் இப்போதுதான் எழுந்தவரா, இனிமேல்தான் படுக்கப் போகிறவரா என்று தெரியாமல் இங்கே யாரும் பேச்சைத் தொடங்க முடியாது, அதனால் அதில் தப்பும் இல்லை. விளாத்திகுளம் பக்கம் சாப்பிட்டாயா என்று கேட்டுக் கேட்டே வளர்ந்தவனுக்கு அது கொஞ்சம் காய்ந்த விசாரிப்பாகத் தோன்றும், அவ்வளவுதான். ஆனால் போன ஆடி மாதம் படப்பையில் ஒரு சின்ன கிளினிக்கில், பேச்சுப் பயிற்சி கொடுக்கிற மேடம், "இவரை வீட்ல யாரு பாத்துக்கறீங்க?" என்று கேட்டபோது என் வாயிலிருந்தும் இந்த ஊர்ப் பாஷைதான் வந்தது. "நாங்க மூணு பேரும்தான் மேடம், ஷிஃப்ட்டு மாத்தி மாத்தி" என்றேன். அவர் சிரிக்கவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டார்.

அந்த "இவர்" பாண்டியண்ணன். எங்கள் ஊர்க்காரர், நாற்பத்து நாலு வயது, எங்கள் கம்பெனியில் இரும்புத் தகட்டை அழுத்தி வளைக்கும் பிரஸ் ஷாப்பில் சீனியர் ஆபரேட்டர். என்னையும், நெல்லைக்காரன் இசக்கியையும், தூத்துக்குடி அந்தோணியையும் ஆளுக்கொரு வருடத்தில் இங்கே கூட்டிவந்து, ஒரே வீட்டில் சேர்த்துவைத்தவர் அவர்தான். எங்கள் மூவருக்கும் சேர்த்து வாய் அவருடையது. வீட்டுக்காரரிடம் தண்ணி மோட்டாருக்காகச் சண்டை போடுவது, சூப்பர்வைசரிடம் எனக்கு லீவு கேட்பது, என் அம்மாவிடம் போனில் "உம்மவன் ஒழுங்காத்தான் இருக்கான், பயப்படாத" என்று பொய் சொல்வது எல்லாம் அவர். சும்மா இருக்கவே தெரியாது. பல் தேய்க்கும்போதும் பேசுவார். அப்படிப்பட்ட மனிதர் ஒரு காலையில் குளித்துவிட்டு வந்து, சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "டேய், அது… இது… அந்த…" என்று நின்றார். விளையாடுகிறார் என்று நினைத்து நான் சிரித்தேன்.

மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு என்றார்கள். வலது கை கொஞ்சம் தளர்ந்தது, நடை இரண்டு வாரத்தில் திரும்பிவிட்டது, வார்த்தை மட்டும் திரும்பவில்லை. நாம் சொல்வது அத்தனையும் அவருக்குப் புரியும். சாவியைக் காட்டினால் அது எதற்கு என்று கையாலேயே திறந்து காட்டுவார். "சாவி" என்ற சொல் மட்டும் வராது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் சொன்னால் கடகடவென்று எண்ணுவார். கோபம் வந்தால் கெட்ட வார்த்தை முத்து முத்தாக வரும். "வையிறதுக்கு வருது, தண்ணி கேக்க வரமாட்டேங்கு, என்ன நோக்காடு இது" என்று இசக்கி தலையில் அடித்துக்கொண்டான். அது அப்படித்தான், பழகிப்போன பேச்சு வேறு வழியாக வரும் என்று மேடம் விளக்கினார்.

மல்லிகா மதினி, அதாவது அண்ணனின் மனைவி, ஆஸ்பத்திரியில் இருபது நாள் கூட இருந்தார். மகள் அபிநயா ப்ளஸ் டூ. பிள்ளையை விட்டுவிட்டு அதற்கு மேல் இருக்க முடியவில்லை. அண்ணனை ஊருக்கே கூட்டிப்போகிறேன் என்று சொன்னவரைத் தடுத்தது நான்தான். ஊரில் பேச்சுப் பயிற்சி கொடுக்க யார் இருக்கிறார்கள்? பெரிய ஆஸ்பத்திரிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். நாலு தடவை போவார்கள், ஐந்தாம் தடவை "என்னத்த" என்று விட்டுவிடுவார்கள், அண்ணன் கட்டிலோடு கிடந்து உள்ள பேச்சும் போய்விடும் என்று எனக்குப் பயம். கம்பெனியிலும் தேறி வந்தால் லேசான வேலை பார்ப்போம் என்று சொல்லியிருந்தார்கள். மதினி கடைசியில் ஒத்துக்கொண்டார். "அரையாண்டு லீவுக்கு வருவேன். இங்கன இருக்கணுமா, ஊருக்கு வரணுமான்னு அவுக வாயால சொல்லட்டும். வேற யாரு சொன்னாலும் கேக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார். அன்றிலிருந்து என் தூக்கம் போயிற்று. ஐந்து மாதத்துக்குள் அவர் வாயில் "இங்கே இருக்கிறேன்" என்ற இரண்டு சொல்லை ஏற்றிவிட வேண்டும்.

மேடம் முதல் நாளே எங்களிடம் சொன்னார். வாரத்துக்கு இரண்டு முறை நான் பார்ப்பது போதாது, கூட இருக்கிறவர்கள்தான் மருந்து, படங்களைக் காட்டுங்கள், வரவில்லை என்றால் முதல் எழுத்தைச் சொல்லிக் கொடுங்கள், காத்திருங்கள். நாங்கள் தலையை ஆட்டிவிட்டு வந்து, எங்களுக்குத் தெரிந்த மாதிரி செய்தோம். அந்தோணி ஒரு வெள்ளைப் பலகை வாங்கிவந்து சுவரில் மாட்டினான். நான் அதில் கோடு போட்டேன். ஒரு பத்தியில் ‘பிளான்’, அடுத்ததில் ‘ஆக்சுவல்’, மூன்றாவதில் ‘ரிஜெக்ட்’. எங்கள் லைனில் மணிக்கு எத்தனை பீஸ் என்று எழுதும் பலகையும் இப்படித்தான் இருக்கும். நான் குவாலிட்டியில் இருப்பவன், நாள் முழுக்க ஒரு பீஸை எடுத்துப் பார்த்து ஓகே, என்ஜி என்று பிரிப்பதுதான் என் பிழைப்பு, என்ஜி என்றால் ஆகாதது. ஒரு நாளைக்கு நாற்பது சொல் என்று பிளான் போட்டோம். ஷிஃப்ட் முடிந்து வருகிறவன் படத்தைக் காட்ட வேண்டும், போகிறவன் கணக்கை எழுதிவிட்டுப் போக வேண்டும். தக்காளி ஓகே. சீப்பு என்ஜி. குடை என்ஜி. எங்களுக்கு அப்படி ஒரு பெருமை, என்னமோ மேடத்துக்கே தெரியாத முறையைக் கண்டுபிடித்துவிட்ட மாதிரி.

முதல் இரண்டு வாரம் எண்ணிக்கை ஏறியது. மூன்றாம் வாரம் இறங்கியது. நாங்கள் விடவில்லை, மூன்று பேரும் மூன்று நேரமும் காட்டினோம். அண்ணன் ஷிஃப்ட் மாறும் நேரத்துக்குச் சரியாகப் போர்வையை இழுத்து மூடிக்கொள்ள ஆரம்பித்தார். முழித்துக்கொண்டுதான் படுத்திருக்கிறார் என்று அவர் காலாட்டுவதிலேயே தெரியும். "அண்ணே, ஒம்போது சொல்லுதான் இன்னிக்கி, எந்திரிங்க" என்று நான் போர்வையை இழுப்பேன். அப்போது மட்டும் அந்த முத்து முத்தான வார்த்தைகள் வரும்.

வெளியே அழைத்துப்போனாலாவது பேசுவார் என்று ஒரு நாள் காலையில் டீக்கடைக்குக் கூட்டிப்போனேன். அவர் பன்னைக் கை காட்டி, "அது… உருண்ட… அந்த…" என்று திணறினார். கடைக்காரர் அண்ணனை இரண்டு மாதமாகப் பார்க்காதவர். "இன்னாபா, காலங்காத்தால ஏத்திகினு வந்துட்டாரா உங்க ஆளு?" என்று கேட்டார். எனக்கு ரத்தம் தலைக்கேறியது. "குடிச்சவரு மாதிரியாங்க தெரியுது? மூளையில அடைப்பு வந்து பேச்சு வரல" என்று கத்தினேன். அவர் பதறிப்போய், "அடப்பாவமே, மின்னாடியே சொல்லக்கூடாதா" என்று எழுந்துவந்து, அண்ணனின் காதருகே குனிந்து, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கிற குரலில், "அண்ணாத்த! இன்னா வோணும்?" என்றார். காது கேட்காதவர் என்று நினைத்துவிட்டார். கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். நல்ல மனசுதான், ஆனால் அண்ணன் அதன்பிறகு ஒரு மாதம் கிளினிக்குக்குத் தவிர தெருவில் கால் வைக்கவில்லை.

மேடத்திடம் போய், எவ்வளவு பயிற்சி கொடுத்தும் குறைகிறதே என்று நான் குறைசொன்னேன். அவர் வீட்டில் நாங்கள் பேசுவதை ஐந்து நிமிடம் போனில் படமெடுத்து வரச் சொன்னார். அந்தோணி எடுத்தான். வெள்ளிக்கிழமை அதை என் முன்னாலேயே ஓடவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர், முடிந்ததும் சொன்னார்.

"இதுல அவர் பேசினது பதினோரு செகண்ட். மிச்சம் எல்லாம் நீங்க."

"அவருக்கு வரலியே மேடம்."

"வந்துச்சு. இங்க பாருங்க." திரும்ப ஓட்டினார். குடைப் படம். அண்ணனின் உதடு குவிகிறது, ‘கு’ என்று காற்று வருகிறது. அதற்குள் என் குரல், ‘குடண்ணே, குட, நேத்தும் இதத்தான் கேட்டேன்’ என்கிறது. அண்ணன் தலையைக் குனிந்துகொள்கிறார். நான் பலகைப் பக்கம் திரும்புகிறேன். என்ஜி போடப் போகிறேன்.

"குடைன்னு உங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியும்னு அவருக்கும் தெரியும். அப்புறம் எதுக்கு அதை அவர்கிட்ட கேக்கறீங்க? சிநேகிதனை யாராவது டெஸ்ட் பண்ணுவாங்களா? பேசுங்க. கூட சேர்ந்து ஏதாவது வேலை செய்யுங்க. அவர் வார்த்தை தேடும்போது மட்டும் வாயை மூடிட்டு இருங்க. மனசுக்குள்ள பத்து எண்ணுங்க. பலகையை முதல்ல கழட்டுங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவமானம் பாதி, ஆற்றாமை பாதி. ஊரில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது புரியும். நம் பக்கத்தில் ஒருவர் பாதி சொல்லும்போதே மீதியை முடித்துவைப்பதுதான் பிரியம். "அந்த…" என்று மாமா இழுத்தால் அத்தை வெற்றிலைப் பெட்டியை நீட்டுவாள். பஞ்சாயத்துப் பேச்சிலேயே ஒருவர் ஆரம்பித்த பழமொழியை இன்னொருவர்தான் முடிப்பார். முடித்துவைக்காமல் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பவனை "அழுத்தக்காரன்" என்பார்கள். அந்தப் பழக்கத்தையும் இந்த ஊர் டார்கெட்டையும் ஒன்றாகச் சேர்த்து அந்த மனிதரின் கழுத்தில் கட்டியிருந்தேன்.

பலகையைக் கழற்றினோம். பத்து எண்ணுவது எவ்வளவு கஷ்டம் என்று எண்ணிப்பார்த்தவனுக்குத்தான் தெரியும். அவர் உதடு தவிக்கும்போது நமக்கு மூச்சு முட்டும். இசக்கி அந்த நேரத்தில் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொள்வான். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் சேர்ந்து மீன் குழம்பு வைத்தோம். அண்ணன் கரண்டியில் தொட்டு நாக்கில் வைத்தார், முகத்தைச் சுளித்தார், வாயைத் திறந்தார். அடுப்பு மட்டும் சத்தம் போட்டது. நான் ஏழு எண்ணும்போது, "உப்பு… பத்தல" என்றார். யாரும் கேட்காமல், தானாக, அவருக்குத் தோன்றி, அவரே சொன்னது. அந்தோணி கத்திய கத்தலில் கீழ்வீட்டு அம்மா, "இன்னாபா ஆச்சு, பாம்பு கீம்பு வந்துடுச்சா?" என்று ஓடிவந்தார்.

இதோடு கதையை முடித்தால் நான் நல்லவன் ஆகிவிடுவேன். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. ஞாயிறுதோறும் மதினி கூப்பிடுவார். போனை ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைப்போம். மதினி கேட்பார், அண்ணன் தவிப்பார், நான் சொல்வேன். வீட்டில் பத்து எண்ணப் பழகிய நான் போனில் மட்டும் ஒன்றுகூட எண்ணவில்லை. அந்தப் பக்கம் மதினி அழுதுவிடுவாரோ என்ற பயம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கார்த்திகையில் ஒரு நாள் மதினி நேரடியாகவே கேட்டார்.

"ஊருக்கு வந்துருதீகளா? பிள்ள உங்களத்தான் தேடுது."

அண்ணன் போனை நெருங்கிக் குனிந்தார். "போ…" என்றார். "போ… போ…"

"போன வாரத்துக்கு இப்ப தேவலையாம் மதினி" என்றேன் நான். "இங்கயே இருந்து பாக்கேங்காரு."

அண்ணன் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கெட்ட வார்த்தை எதுவும் வரவில்லை. எழுந்து போய்க் கொடியில் காய்ந்த துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். அவர் என்ன சொல்ல வந்தார் என்று எனக்குத் தெரியாது என்று அன்றைக்கு யாரிடமும் சத்தியம் செய்திருப்பேன். செய்திருந்தால் அது பொய்ச் சத்தியம். அவர் போய்விட்டால் இந்த ஊரில் எனக்கு யார் இருக்கிறார்கள் என்ற கேள்வி அந்த நொடியில் என் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. பயிற்சி, ஆஸ்பத்திரி, இரண்டு பஸ் எல்லாம் உண்மைதான். அதற்கு அடியில் இதுவும் இருந்தது.

மதினி சொன்னபடி அரையாண்டு லீவில் வந்தார். பை நிறைய முறுக்கும், அபிநயா எழுதிக் கொடுத்த ஒரு கடிதமும். மேடம் எல்லோரையும் ஒரே நாளில் வரச் சொல்லியிருந்தார். படப்பையில் அந்தச் சின்ன அறையில் ஐந்து நாற்காலி போட இடமில்லை, இசக்கியும் அந்தோணியும் சுவரோடு ஒட்டி நின்றார்கள். ஷேர் ஆட்டோவில் வரும்போதே மதினி, "தண்ணி வேணுமா? வேர்க்குதா? சன்னல் பக்கம் வாறீகளா?" என்று கேட்டுக் கேட்டு, அவர் தலையாட்டும் முன்னே செய்துகொண்டே வந்தார். என்னையே பெண்வேடத்தில் பார்க்கிற மாதிரி இருந்தது.

மேடம் ஒரு தாளில் பெரிய எழுத்தில் ‘இங்கே’ என்றும், ‘ஊருக்கு’ என்றும், கடைசியில் ‘வேறு’ என்றும் எழுதி அண்ணன் முன்னால் வைத்தார். "உங்க இஷ்டம் என்ன சார்? வார்த்தை வரலைன்னா கை வச்சுக் காட்டுங்க, அதுவும் பதில்தான்" என்றார். நான் வாயைத் திறந்தேன், சத்தியமாக என்ன சொல்லத் திறந்தேன் என்று தெரியாது. மேடம் என் பக்கம் பார்க்காமலேயே கையை உயர்த்தினார். மூடிக்கொண்டேன்.

அண்ணன் தாளைப் பார்த்தார். அதை ஒரு விரலால் மெல்ல ஓரமாகத் தள்ளிவிட்டார். அவருக்கு வாயால் சொல்ல வேண்டியிருந்தது. உதடு குவிந்தது, விரிந்தது. மதினி சேலை முந்தியை வாயில் வைத்து அடைத்துக்கொண்டார். நான் பத்து எண்ணினேன். மறுபடி பத்து. மூன்றாவது பத்தில், "போ…" என்றார். "போணும்" என்றார். "பிள்ள… பிள்ளயப் பாக்கணும்." மதினி விம்மினார். முடிந்தது என்று நாங்கள் எல்லோரும் மூச்சுவிட்டோம். அவருக்கு இன்னும் முடியவில்லை. தளர்ந்த வலது கையைத் தூக்கி என்னைக் காட்டினார். "இவன்" என்றார். நாங்கள் காத்திருந்தோம். "இவன்… பேசுதான்." மறுபடியும் தேடினார், நெற்றியில் நரம்பு புடைக்கத் தேடினார். "எல்லாம்… இவனே… பேசுதான்."

இசக்கிதான் முதலில் சிரித்தான். பிறகு மதினி, பிறகு மேடமும். அண்ணனே குலுங்கிச் சிரித்தார். நான் எழுந்து வெளியே போய், மருந்துக்கடைப் பக்கம் திரும்பி நின்று அழுதேன். ஐந்து மாதத்தில் அவர் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான், அதை எனக்கு எதிராகப் பேச வேண்டியிருந்தது.

அடுத்த இரண்டு நாளும் மேடம் மதினிக்குச் சொல்லிக்கொடுத்தார். வாரம் ஒருமுறை வீடியோவில் பார்ப்பதாகவும் ஒத்துக்கொண்டார். கம்பெனியில் இருக்கும் இடத்தை விட்டுக் கொடுக்கிறோமே என்று மதினிக்கு உள்ளுக்குள் கலக்கம், எனக்கும்தான். ஆனால் கேட்டாயிற்று, அவர் சொல்லியுமாயிற்று. கிளாம்பாக்கத்தில் பஸ் ஏற்றிவிடும்போது, "அண்ணே, அன்னிக்கி போன்ல நான்…" என்று ஆரம்பித்தேன். அவர் என் முதுகில் ஒன்று போட்டு, அந்தப் பழைய கெட்ட வார்த்தையில் ஒன்றைத் தெளிவாகச் சொன்னார். மதினி, "பொது இடத்துல என்ன பேச்சு" என்று அதட்டினார்.

அவர் போய் மூன்று மாதம் ஆகிறது. இடையில் ஒரு வாரம் வீடியோ தடைபட்டது, ஒரு வாரம் நன்றாகப் பேசினார், மறு வாரம் மறுபடி திணறினார். நான் பயந்தது முழுதாகப் பொய்யும் இல்லை. நேற்று மதியம் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோது போன் அடித்தது. பெயரைப் பார்த்தேன், பாண்டியண்ணன். மதினி அல்ல, அவரே கூப்பிடுகிறார். "அண்ணே" என்றேன். நான் மனசுக்குள் எண்ண ஆரம்பித்தேன். ஒரு காதில் பக்கத்துச் சீட்டுக்காரன் ஓவர்டைம் பற்றிச் சூப்பர்வைசரைத் திட்டிக்கொண்டிருந்தான், பஸ் ஒரகடம் பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தது. இன்னொரு காதில் எங்கள் பக்கத்துக் காற்றும், எங்கோ ஒரு ஆட்டுக்குட்டி கத்துவதும், தெருக்குழாயில் குடம் வைக்கிற சத்தமும் வந்துகொண்டிருந்தன. அவர் வார்த்தை தேடும் நேரமெல்லாம் நான் அந்தத் தெருவில் நின்றுகொண்டிருந்தேன்.

"நீ…" என்றார். "நீ… எப்ப… வார?"

எப்போது வருகிறேன்? சித்திரைத் திருவிழாவுக்கா, நாலு நாள் லீவுக்கா, இல்லை மொத்தமாகவா? அவர் எதைக் கேட்டார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். வாயைத் திறந்தேன். "அது… வந்து… அண்ணே…" என்றேன். ஒன்பது வருடத்தில் எத்தனையோ பேருக்குச் சொன்ன பதில்கள் ஒன்றும் வரவில்லை. பஸ் பாலத்திலிருந்து இறங்கிவிட்டது. அந்தப் பக்கம் அவர் ஒன்றும் எடுத்துக்கொடுக்கவில்லை. முதல் எழுத்தைக்கூடச் சொல்லவில்லை. அவர் மூச்சு மட்டும் சீராகக் கேட்டது, எனக்காகப் பத்து எண்ணிக்கொண்டிருந்தார்.